கிளடிஸின் ஊதாப் புழு

பாசையூர்க் கடற்கரைக்காரனைக் கட்டியவள் தூண்டில் தொடக்கூடாது என்று எந்த வேதாகமத்தில் எழுதியிருக்கிறது? கிளடிஸ் மூன்று கோடைகாலமாக இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துப் புகைந்துகொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்டால் புருசன் பஸ்ரியன் உடனே தன் தாயைச் சாட்சிக்கு இழுப்பான். "பொம்பிளை தாண்டின வலையிலையும் மீன் படாது, தொட்ட தூண்டிலிலையும் படாது. அம்மா சொல்லுறவ." அம்மா சொன்னால் முடிந்தது. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையிலும் அதே கதைதான். சனிக்கிழமை விடிந்தால் புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த மாடிக்கட்டடத்தின் முன்னால் வான் வந்து நிற்கும். பஸ்ரியனும் கிளடிஸும் ஏறுவார்கள். பக்கத்து வீட்டு நவரட்ணமும் அவர் மனைவி மங்கையற்கரசியும் ஏறுவார்கள். நவரட்ணம் ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே ஓய்வு. மீன் பிடிக்கத் தெரியாது, ஆனால் மீன் பிடிப்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தெரியும். விட்பி என்ற ஊரில் வடக்கே திரும்பி ஓடினால் ஸ்கூகொக் ஏரி. அங்கே போய் இறங்கியதும் ஆண்கள் தண்ணீர்ப் பக்கம், பெண்கள் கூழ்ப்பானைப் பக்கம்.

கூழ்ப்பானைப் பக்கம் என்றால் எங்கே என்று நினைக்கிறீர்கள்? வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால். காஸ் அடுப்புக்குக் காற்றுப் படக்கூடாதாம். அங்கே இருந்து பார்த்தால் கழிப்பறைச் சுவர் தெரியும், குப்பைத்தொட்டி தெரியும், ஏரி மட்டும் தெரியாது. வாரம் முழுவதும் தொழிற்சாலையில் வெள்ளைக்காரப் பெண்களின் கலியாண உடுப்புக்கு மணி தைக்கிற கண்கள் அவளுடையவை. சனிக்கிழமையாவது அந்தக் கண்கள் கொஞ்சம் தண்ணீரைப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்? கிளடிஸுக்கு அழுகை வருகிற அளவுக்கு எரிச்சலாக இருந்தது. அவளுக்கு ஏரிக்கரையில் நிற்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டு அல்ல, கையில் தூண்டில் தடியோடு நிற்க வேண்டும்.

எப்போதாவது பானையை மங்கையிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போய், "இஞ்சேருங்கோ, ஏதும் பட்டதோ? தண்ணி கொதிக்குது" என்று கேட்டால் போதும், பஸ்ரியன் பாம்பாகச் சீறுவான்.

"கத்தாதை! மீன் ஓடிப்போடும்!"

என்னவோ மீன் வரிசையில் நிற்கிற மாதிரித்தான். உண்மையில் பஸ்ரியன் அந்த ஏரியில் பிடித்த மீன்களை விட மீன் படாததற்கு அவன் சொன்ன சாட்டுகள்தான் அதிகம். அவன் வைத்திருந்தது கடலுக்கான தடி, அவனை விட ஒன்றரை மடங்கு உயரம். றீல் ஒரு செவ்விளநீர் அளவு. தங்கூசி நூலில் கன்றுக்குட்டி கட்டலாம், அவ்வளவு தடிப்பு. அதில் பெரிய ஈயக்கட்டியும் இறாலும் கட்டி, "பெரிய மீன் ஆழத்திலைதான் கிடக்கும்" என்று சொல்லி, ஏரியின் மற்றக் கரைக்கு எறிவதுபோல எறிவான். கடலில் பிறந்தவனுக்கு ஏரியும் கடல்தான். பெரும்பாலும் சேற்றுக் கெளிறுதான் வரும். பனங்கிழங்கு ஒடியல்மாவில் காய்ச்சுகிற கூழுக்குள் போவது கடையில் வாங்கிய நண்டும் இறாலும்.

பாஸ் என்ற மீனைப் பிடிக்க அரசாங்கம் ஜூன் கடைசிச் சனிக்கிழமைதான் அனுமதிக்கும். அதற்கு மூன்று கிழமை இருக்கும்போது, கிளடிஸ் வேலை முடிந்து வந்து மங்கையின் கதவைத் தட்டினாள்.

"மங்கை அக்கா, வெளிக்கிடுங்கோ. கெனடி ரோட்டுக்குப் போட்டு வருவம்."

"என்ன, சீலைக் கடைக்கோ?"

"தூண்டில் கடைக்கு."

மங்கை ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். "நடவுங்கோ பிள்ளை. நானும் அந்தக் கக்கூஸ் சுவரைப் பாத்துக் களைச்சுப்போனன்."

கடைக்குள் போனதும் மங்கை வாயில் கை வைத்தார். சுவர் முழுக்கப் பளபளவென்று தொங்குகிறது. வெள்ளி, தங்கம், இறகு வைத்தது, குஞ்சம் வைத்தது. "என்ரை அம்மாளாச்சி, உது நகைக்கடையெல்லோ! மீனுக்கே உவ்வளவு தோடு?"

தாடி வைத்த பருத்த கடைக்காரன் வந்து, எங்கே பிடிக்கப் போகிறீர்கள், படகிலா கரையிலா, அடியில் கல்லா புல்லா என்று கேட்டான். கிளடிஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் ஒன்று சேர்த்தாள். "ஸ்கூகொக். நோ போட். கிராஸ், மச் கிராஸ். ஹஸ்பண்ட் த்ரோ வெரி பார், நோ பிஷ்."

கடைக்காரன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பாஸ் இஸ் நொட் பார். பாஸ் இஸ் ஹியர்," என்று தன் காலடியைக் காட்டினான். கரையோரப் புல்லின் நிழலுக்குள் ஒளிந்து கிடந்து, பக்கத்தில் வருவதை விழுங்குகிற மீனாம் அது. கிளடிஸுக்கு அந்த மீனை உடனே பிடித்துவிட்டது. இத்தனை நாளும் பஸ்ரியனின் ஈயக்கட்டி அதன் தலைக்கு மேலால் பறந்து போயிருக்கிறது!

அவன் ஒரு தடியை எடுத்துக் கொடுத்தான். அவளை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். நுனியைத் தான் பிடித்துக்கொண்டு அவளை அடியில் இருந்து தூக்கச் சொன்னான். நுனி இலகுவாக வளைந்தது, தடியின் இடுப்புக்குக் கீழே விறைப்பாக நின்றது. நுனி மீன் தொடுவதைச் சொல்லும், அடி மீனை இழுத்து வரும் என்றான். றீல் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதன் முகத்தில் ஒரு திருகு. அதைச் சரியான அளவுக்குத் தளர்த்தி வைத்தால், பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறாமல் ஓடிக் கொடுக்குமாம். பஸ்ரியன் தன் றீலில் இருந்த அந்தத் திருகை வாங்கிய அன்றே இறுக்கிப் பூட்டியவன். நூலைப் பார்த்ததும்தான் மங்கை குழப்பம் பண்ணினார்.

"ஐயோ பிள்ளை, உது தலைமயிர் மாதிரிக் கிடக்குது. அறுந்து போகும்."

"தடிச்ச நூலில உந்தச் சின்ன ஈயம் பறக்காது அக்கா. மீனுக்கும் கண் இருக்கெல்லோ, கயிறு தொங்கினா வருமோ?" கடைக்காரன் கையால் காட்டியதை எல்லாம் கிளடிஸ் அதற்குள் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பிளாஸ்ரிக் புழுக்கள். கடைக்காரன் கண்ணாடி மேசையில் பச்சை, கறுப்பு, மண்ணிறம் என்று பரப்பினான். இரண்டு பெண்களும் குனிந்து, தூக்கிப் பார்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "இது வெளிறும்", "இது வயசானவைக்கு" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கடைசியில் கிளடிஸின் கை ஊதா நிறத்தில் போய் நின்றது. உள்ளே வெள்ளித் துகள் மினுங்கும் நல்ல ஊதா.

"கூறைக்குப் பிறகு மாத்துற சீலை நிறம்," என்றார் மங்கை.

"பேர்ப்பிள் இஸ் குட்," என்றான் கடைக்காரன். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரில் அந்த நிறம் நன்றாகத் தெரியுமாம்.

புழுவைத் தூண்டிலில் ஏற்றி, முனையைத் திரும்பப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் காட்டினான். அப்படிச் செய்தால் புல்லில் கொழுவிச் சிக்காது. வெளியில் தெரியாமல் மடிப்புத் தைப்பது போலத்தான். முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு நனைத்து இறுக்கினான். கிளடிஸுக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே அவள் நாள் முழுக்கச் செய்கிறாள்! மீன்பிடி லைசென்ஸும் அங்கேயே எழுதி வாங்கினார்கள்.

தடி மங்கையின் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டது. பஸ்ரியன் பின்னேர வேலைக்குப் போகிற நாட்களில் கிளடிஸ் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் பழகினாள். புல்லில் ஒரு மார்ஜரின் டப்பாவை வைத்து, வெறும் ஈயத்தை மட்டும் கட்டி எறிவாள். முதலில் ஈயம் அவளுக்குப் பின்னாலேயே விழுந்தது. பிறகு மரத்தில். பிறகு டப்பாவுக்குப் பக்கத்தில். ஒருநாள் டப்பாவுக்குள்ளேயே விழுந்தபோது இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

அந்தக் குதிப்புத்தான் வினையாகப் போனது. வந்த உற்சாகத்தில் கிளடிஸ் அடுத்ததை ஓங்கி எறிந்தாள். நூலை விடுகிற விரல் பிந்திவிட்டது. ஈயம் மேலே பறந்து, இரண்டாம் மாடிப் பல்கனியில் காய்ந்த ஒரு சாரத்தைச் சுற்றிக்கொண்டது. ஆண்கள் இடுப்பில் கட்டுகிற நீலச் சாரம். இழுத்தாள். சாரம் கொடியை விட்டு வந்து கம்பியில் தொங்கியது. அதற்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு ஒரு முகம் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து பஸ்ரியனுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"கிளடிஸ்! உதென்ன கையில?"

"சாரம் ஒண்டு பட்டிருக்கு," என்றார் மங்கை. "நல்ல பெரிசு."

அன்றிரவு நவரட்ணத்தின் வீட்டில் பஞ்சாயத்து. பஸ்ரியன் அந்தத் தடியைத் தூக்கிப் பார்த்தான், றீலைச் சுற்றிப் பார்த்தான், புழுவைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கி இருமிவிட்டான். "ஊதாப் புழு! எந்த ஊரில ஊதாவில புழு கிடக்கு? அண்ணை, நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"தபால் கந்தோரில காணேல்லை," என்றார் நவரட்ணம் கவனமாக.

கிளடிஸுக்குச் சுர் என்று ஏறியது. "சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. பாஸ் திறக்கிற சனிக்கிழமை நானும் கரையில நிப்பன். உங்கடை மீனை விட என்ரை மீன் நீளமெண்டா, அடுத்த சனியில இருந்து கூழ்ப்பானை உங்களுக்கு. தடி எனக்கு."

"இல்லையெண்டா?"

"இல்லையெண்டா தடி கடைக்குத் திரும்பிப் போகும். இனி வாயே திறக்கமாட்டன்."

சொல்லி முடிந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தடியை வாங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் அது இல்லாத சனிக்கிழமையை நினைக்க முடியவில்லை. பஸ்ரியன் உள்ளங்கையை நீட்டினான். "சரி. அண்ணைதான் நடுவர்."

அந்தச் சனிக்கிழமை மப்பும் மந்தாரமுமாக விடிந்தது. பஸ்ரியன் தன் வழக்கமான இடத்தில், பாலத்துக்குப் பக்கத்தில் நின்று ஈயத்தைத் தூரத்துக்கு அனுப்பினான். பாருங்கள், அதிர்ஷ்டம் என்பது வெட்கங்கெட்டது. எறிந்தது போதாதென்று அலுத்துப்போய் அவன் நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, கரைக்குக் கிட்ட வந்த இறாலை ஒரு பாஸ் பாய்ந்து விழுங்கியது. கன்று கட்டுகிற தங்கூசி, அறுமா? அலாக்காகத் தூக்கிக் கரையில் போட்டான். நவரட்ணம் கிளடிஸின் தையல் நாடாவால் அங்குலக் கணக்கில் அளந்தார். "பதினைஞ்சு இஞ்சி."

"மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கிறியளோ?" என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டுப் பஸ்ரியன் ஒரு சுற்று ஆடினான்.

கிளடிஸ் தன் தடியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே ஆம்பல் இலை படர்ந்த ஒரு சின்னக் குடா இருந்தது. எந்த ஆணும் திரும்பிப் பார்க்காத இடம். அங்கே போய் நின்றாள். எறிவாள், புழு அடிக்குப் போகும் வரை பொறுப்பாள், நுனியை மெல்லத் தூக்குவாள், விடுவாள். ஒன்றும் இல்லை. திரும்பவும் எறிவாள். மத்தியானமும் ஆகிவிட்டது. நவரட்ணம் பசி பொறுக்காமல் பானைப் பக்கம் வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இலைகளுக்கு நடுவே சீலைத் தலைப்பு அகலத்துக்கு ஒரு கறுப்புத் தண்ணீர் இடைவெளி தெரிந்தது. மார்ஜரின் டப்பாவை நினைத்துக்கொண்டு எறிந்தாள். ஊதாப் புழு அதற்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

டக், டக். விரலில் யாரோ தட்டியது போல. நூல் தானாகப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது.

அந்தோனியாரே! கடைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. நுனியைத் தாழ்த்து, தளர்ந்த நூலைச் சுருட்டு, பிறகு இழு. இழுத்தாள். தடி வளைந்து, தண்ணீர் வெடித்து, வாயை ஆவென்று திறந்தபடி ஒரு மீன் எழும்பித் தலையை உதறியது. றீல் கிர்ர் என்று பாட, நூல் ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். நின்றதும் சுருட்டினாள். திரும்ப ஓடியது. வாய் ஓயாமல் "வா ராசா, வா ராசா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மீன் பக்கம் சாய்ந்து வந்தது. சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, அதன் கீழ்வாயைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கினாள். தலைமயிர் மாதிரி இருந்த நூல் அறுந்துபோகவே இல்லை. கிளடிஸுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது.

மீனோடு மேலே பானையடிக்கு ஏறினாள். "மங்கை அக்கா, இதைப் பிடியுங்கோ, நான் அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்!" மீனைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பஸ்ரியன் உடனே வரவில்லை. ஏதோ தொட்டது போலக் கிடக்கிறது, பொறு என்றான். பிறகு பொய் சொல்லாதே என்றான். பிறகு தடியைக் கல்லில் சாத்தி வைத்துவிட்டு ஆடி அசைந்து வந்தான். வந்து பார்த்தால் மங்கை அகப்பையோடு பானையைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, மீன் எங்கை?"

"கூழுக்கை."

கிளடிஸுக்கு உலகம் ஒருதரம் நின்றது. "வெட்டிப்போட்டியளோ?"

"கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில நிக்கிறவளின்ரை கையில மீனைத் தந்தா, நான் என்ன, தாலாட்டே பாடுறது?" என்ற மங்கைக்கு அப்போதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. அகப்பை கையிலேயே நின்றுவிட்டது. "ஐயோ பிள்ளை! கை தன்ரை பாட்டில வெட்டிப்போட்டுது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பஸ்ரியனுக்குக் கொண்டாட்டம். "துண்டுக்கு என்ன நீளம்? அண்ணை, தீர்ப்பைச் சொல்லுங்கோ!"

நவரட்ணம் எழுந்து தொண்டையைச் செருமினார். "எல்லாத் துண்டையும் எடுத்து அடுக்கும். அளப்பம்."

மேசையில் இலவசத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை விரித்தார்கள். பானைக்குள் இருந்து நண்டுக்கால், பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாவற்றுக்கும் நடுவே அரைவேக்காட்டு மீன்துண்டுகளைத் தேடி எடுத்தார்கள். வால் கிடைத்தது. தலையை மங்கை முதலே ஒரு தட்டில் வேறாக எடுத்து வைத்திருந்தார், ஏனென்றால் மீன்தலை எப்போதும் பஸ்ரியனுக்குத்தான். தலை, துண்டு, துண்டு, துண்டு, வால் என்று மரண அறிவித்தலுக்கு மேலால் மீன் நீட்டாகப் படுத்தது.

"இடைவெளி விடாதேங்கோ! இடைவெளி விட்டா நெத்தலியும் சுறாவாகும்," என்று பஸ்ரியன் மேற்பார்வை பார்த்தான்.

நவரட்ணம் நாடாவைப் பிடித்தார். "பதின்னாலு இஞ்சி."

"போச்சு! தடி கடைக்கு!" பஸ்ரியன் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கிளடிஸ் தன் நனைந்த சப்பாத்தைப் பார்த்தபடி நின்றாள். கையில் தூக்கியபோது அந்த மீன் எவ்வளவு பாரமாக இருந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பஸ்ரியன் பகிடி பண்ணுவதற்காக அந்தத் தலையைத் தூக்கினான். வாயைத் திறந்து பெருவிரலை விட்டான். பிறகு இன்னொரு விரலையும் விட்டான். பிறகு ஆட்டத்தை நிறுத்தினான். தான் பிடித்த மீனை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தான். பாசையூரான் தப்பிப்போன மீனைப் பற்றி எவ்வளவு பொய்யும் சொல்லுவான். கையில் இருக்கிற மீனைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வாய் வராது.

"உது சரியில்லை," என்றான் மெல்ல.

"என்ன சரியில்லை?" என்றார் நவரட்ணம். கொஞ்சம் அவசரமாக.

"இந்தத் தலைக்கு இந்த உடம்பு சின்னன் அண்ணை. கழுத்தடித் துண்டு இல்லை. அக்கா, ஒரு துண்டு எங்கையோ போட்டுது."

மங்கை திரும்பித் தன் புருசனைப் பார்த்தார். நவரட்ணத்தின் மீசையில் ஒரு துளி கூழ் இருந்தது. அவருடைய கதிரைக்குக் கீழே ஒரு கடதாசிக் கோப்பை இருந்தது. மங்கை குனிந்து அதை எடுத்துக் கவிழ்த்தார். சப்பி எடுத்த நடுமுள் ஒன்று மேசையில் விழுந்தது.

"உப்புப் பாக்கத் தந்தவள்," என்றார் நடுவர்.

பஸ்ரியன் அந்த முள்ளை எடுத்து, தலைக்கும் முதல் துண்டுக்கும் நடுவே தானே வைத்தான். பொருந்தியது. நாடாவையும் தானே பிடித்தான். இரண்டு முனையையும் சரிபார்த்தான்.

"பதினாறு இஞ்சி. கூடவும் கிடக்கு."

மங்கை போட்ட கூச்சலில் குப்பைத்தொட்டியில் இருந்த கடற்பறவைகள் எல்லாம் கிளம்பின. கிளடிஸ் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ்ரியன் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அந்தத் தலையைக் கழுவிப் பானைக்குள் போட்டு, கூழ் வெந்ததும் தானே அகப்பையை வாங்கினான். தலையைத் தேடி எடுத்து, கிளடிஸின் கோப்பைக்குள் வைத்தான். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் மீன்தலை அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

"கண்ணை முதல் சாப்பிடு. அதுதான் ருசி," என்றான்.

அடுத்த சனிக்கிழமை கிளடிஸ் ஆம்பல் குடாவில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பக்கத்தில் மங்கை, தன் புதுத் தடியோடும் ஒரு ரோசாப் புழுவோடும். தண்ணீர் வெயிலில் மினுங்கியது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். பின்னால், கழிப்பறைச் சுவர்ப் பக்கம் புகை கிளம்பியது. அகப்பையும் கையுமாக, முகமெல்லாம் வேர்த்துப் பஸ்ரியன் கரைக்கு ஓடி வந்தான்.

"இஞ்சேர், கிளடிஸ்! ஒடியல்மா எப்ப கரைச்சு விடுறது? ஏதும் பட்டதோ? தண்ணி கொதிக்குது!"

கிளடிஸ் திரும்பவே இல்லை. நூலில் விரலை வைத்தபடி, ஏரியைப் பார்த்தபடி, மூன்று கோடைகாலமாக வைத்திருந்ததை வட்டியோடு கொடுத்தாள்.

"கத்தாதேங்கோ! மீன் ஓடிப்போடும்!"